பாஸ்தா சாலட்டுக்கு வேண்டியது இத்தாலி எண்ணெய் இல்லை, ஐஸ் பேக்

கேள்வி: வங்கி வேலையை விட்டுவிட்டு, ஈரோட்டில் வீட்டிலிருந்தே அலுவலகங்களுக்கு மதிய உணவு டப்பா கொடுக்கப் போகிறேன். கோடைக்கு பாஸ்தா சாலட் செய்து பார்த்தேன். பாஸ்தா ஒட்டிக்கொள்கிறது, ஃபிரிட்ஜில் வைத்தால் விறைத்துப்போகிறது. காலையில் கட்டினால் மதியம் வரை தாங்குமா? இத்தாலித் துளசி, சீஸுக்குப் பதில் மாங்காயும் வேர்க்கடலையும் போட்டால் அது பாஸ்தா சாலட் இல்லை என்கிறார்கள். உணவு உரிமம் எடுத்துத்தர ஒருவர் 6,000 ரூபாய் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: மாங்காய் போடுங்கள். அதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. இத்தாலியிலும் கோடையில் கைக்குக் கிடைத்ததைப் போட்டுத்தான் ஆறிய பாஸ்தாவைக் கலந்து சாப்பிடுகிறார்கள். சாப்பிடப்போவது ஈரோட்டு ஆள்.

ஒட்டுவதற்கு வருவோம். கொதிக்கும் தண்ணீரில் எண்ணெய் ஊற்றினால் ஒட்டாது என்று எல்லோரும் சொல்வார்கள். எண்ணெய் மேலே மிதக்கும், பாஸ்தா அடியில் ஒட்டும். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. போட்ட முதல் இரண்டு நிமிடம் கரண்டியை எடுக்காமல் கிளறுங்கள், போதும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் வேகவிடுங்கள். சூடாகச் சாப்பிடுவதற்குத்தான் கொஞ்சம் கடிபடுகிற பதம். குளிர்ந்தால் மாவு இறுகும், நீங்கள் சொல்லும் விறைப்பு அதனால்தான். வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் டுரம் கோதுமை ரவை என்று இருக்கிறதா பாருங்கள். மைதா கலந்தது சாலட்டில் குழைந்துவிடும்.

அடுத்தது கழுவுவது. வெந்த பாஸ்தாவைத் தண்ணீரில் அலசக்கூடாது என்பது பொது விதி, மேலே இருக்கும் மாவுப் பிசுக்கு இருந்தால்தான் சாஸ் பிடிக்கும். சாலட் மட்டும் விலக்கு, அலசலாம். இந்த விலக்கைக் கேட்டதும் எல்லோரும் நேராகக் குழாயடிக்குப் போய்விடுகிறார்கள், அதனால் விளக்கியே ஆகவேண்டும். அலசிய பிறகு அந்தப் பாஸ்தா மறுபடி அடுப்பேறாது. அப்படியானால் அலசும் தண்ணீர் குடிக்கிற தண்ணீராக இருக்கவேண்டும்: கொதிக்கவைத்து ஆறவைத்து ஃபிரிட்ஜில் குளிரவைத்தது. மாடித் தொட்டித் தண்ணீர் இல்லை, கடையில் வாங்கிய ஐஸ் கட்டியும் இல்லை. ஐஸ் வேண்டுமானால் அதே ஆறிய நீரை நீங்களே உறையவையுங்கள். வடிகட்டியும் வெந்நீர் பட்டதாக இருக்கட்டும். ஒரே அலசல், உடனே வடித்து, தட்டில் பரப்பி, ஒரு ஸ்பூன் எண்ணெய் புரட்டி ஃபிரிட்ஜுக்குள். இவ்வளவும் முடியாதென்றால் அலசவே வேண்டாம். அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி மின்விசிறிக்கடியில் ஆறவையுங்கள், சூடு தணிந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். பாத்திரத்தோடு மூடி அடுக்களையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? பெல்ஜியத்தில் 2003-ல் ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை பாஸ்தா சாலட் செய்தது. சனிக்கிழமை பிக்னிக்குக் கொண்டுபோனார்கள். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து, திங்கள் இரவு ஐந்து குழந்தைகள் சாப்பிட்டார்கள். ஐவருக்கும் உடம்பு கெட்டது, ஏழு வயதுச் சிறுமி இறந்துபோனாள். அந்த ஃபிரிட்ஜுக்குள் 14 டிகிரி இருந்தது. காரணம், சோறு, பாஸ்தா மாதிரி மாவுப் பண்டங்களில் வருகிற ஒரு கிருமி. விதை மாதிரி உறைக்குள் ஒடுங்கிக் கிடக்கும் அது, வேகவைத்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் பெருகி விஷம் விடும், அந்த விஷம் திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால் ‘கெட்டுவிட்டதா, மோந்து பார்’ என்கிற பாட்டி முறை இங்கே உதவாது.

மதியம் வரை தாங்குமா என்றீர்கள். ஏப்ரல் மாதத்து ஈரோட்டில், வெறும் டப்பாவில் தாங்காது. வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. காலை 8 மணிக்குக் கட்டி 1 மணிக்குச் சாப்பிடவேண்டுமென்றால் ஃபிரிட்ஜில் 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்ததை எடுத்து, ஐஸ் பேக் போட்ட தெர்மல் பையில் அனுப்பவேண்டும். இல்லையா, 12 மணிக்குக் கட்டுங்கள். ஃபிரிட்ஜுக்குள் வைக்க ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள், பெரிய விலை இல்லை. நான் சொல்லும் ஒரே ‘முதலீடு’ அதுதான்.

ஆனால் உங்களிடம் வருகிறவர்கள் வேறு முதலீடு சொல்வார்கள். முதல் ஆள் இறக்குமதி ஆலிவ் எண்ணெய்க்காரர். மலிவாக இருக்கிறதென்றால் லேபிளில் சின்ன எழுத்தில் ‘பொமேஸ்’ என்று இருக்கும். ஆலிவைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையிலிருந்து கரைப்பான் விட்டு எடுத்துச் சுத்திகரித்த எண்ணெய். விற்பது சட்டப்படி சரி, சாலட்டுக்கு வாசனை கிடையாது. நல்ல ஆலிவ் எண்ணெயும் ஃபிரிட்ஜில் உறைந்து வெள்ளைக் கட்டியாக நிற்கும். செக்குக் கடலை எண்ணெய் போதும். இரண்டு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு, மிளகு, உப்பு. குளிர்ந்தால் ருசி மங்கும் என்பதால் புளிப்பைக் கொஞ்சம் தூக்கியே வையுங்கள். பாதியைப் பாஸ்தாவில் புரட்டுங்கள், மீதியைச் சின்ன டப்பியில் தனியாகக் கொடுங்கள். வெள்ளரி, தக்காளி இரண்டிலும் விதையை வழித்துவிடுங்கள், தண்ணீர் விடாது. வறுத்த வேர்க்கடலையும் தனியாக, இல்லாவிட்டால் நமுத்துவிடும். பச்சை முட்டை மயோனைஸ் பக்கமே போகாதீர்கள். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதைத் தடை செய்தது சும்மா இல்லை.

இரண்டாவது ஆள், உங்கள் 6,000 ரூபாய்க்காரர். வீட்டில் சிறிதாகத் தொடங்குகிறவருக்கு உரிமமே தேவையில்லை, பதிவு போதும். அதற்கு அரசுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசித்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ‘ஃபாஸ்காஸ்’ (FoSCoS) தளத்தில் புகைப்படம், அடையாள அட்டை, முகவரிச் சான்றோடு நீங்களே போடலாம். கூகுளில் தேடினால் முதலில் விளம்பரமாக வருபவை ஏஜென்ட் தளங்கள், அசோகச் சக்கரமெல்லாம் போட்டு அரசுத் தளம் மாதிரியே இருக்கும். தள முகவரி gov.in என்று முடிகிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டுப் போங்கள்.

விண்ணப்பம் போட்ட ஏழு நாளில் பதிவு தரவேண்டும், மறுக்கவேண்டும் அல்லது ஆய்வுக்கு நோட்டீஸ் தரவேண்டும் என்பது விதி. நூறு ரூபாய்ப் பதிவுக்கு ஆயிரம் வகைப் பட்டியலைக் காட்டி, எதில் டிக் செய்வது என்று படித்தவரையே முழிக்கவைக்கிறது அந்தப் படிவம். ஏஜென்ட்டை வளர்ப்பது அவருடைய சாமர்த்தியம் மட்டுமில்லை. கணினி தடுமாறினால் பக்கத்து இ-சேவை மையத்தில் கேளுங்கள், அல்லது உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் நேரே போய் எந்த வகையில் போடுவது என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை. ஓடிபி எண்ணை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள், பதிவில் உங்கள் சொந்தக் கைபேசி எண்ணைப் போடுங்கள். ஏஜென்ட் எண்ணைப் போட்டால் பிறகு எதற்கானாலும் அவர் வீட்டு வாசலில்தான் நிற்பீர்கள்.

முதல் வாரம் பத்து டப்பாவுக்கு மேல் எடுக்காதீர்கள். உங்கள் ஃபிரிட்ஜ் எத்தனை தட்டைக் குளிரவைக்கும் என்பதுதான் உங்கள் ஆர்டர் அளவு. மிஞ்சியதை அன்றே கொட்டிவிடுங்கள்.