சிவரமணியும் உங்கள் மாணவியின் கவிதையும்

டீச்சர், ஹட்டனில் உங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளை தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட ஈழத்துக் கவிஞர் சிவரமணியைப் படித்துவிட்டு, அவருடைய சாவையே 'கடைசிக் கவிதை' என்று புகழ்ந்து எழுதித் தந்திருக்கிறாள். சுவர்ப்பத்திரிகையில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் போடமாட்டேன். முதலில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு பிளேன்டீயைக் கையில் கொடுத்து, "சாக வேணும் என்று உனக்கும் தோன்றுதா?" என்று நேராகவே கேட்பேன். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்படாதீர்கள், அப்படி நடப்பதில்லை. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே வீட்டாரோடு பேசுங்கள். 1926 என்பது இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம், இரவிலும் எடுப்பார்கள்.

இல்லை என்றாலும் அப்பப்போ விசாரியுங்கள். அப்புறம் கவிதைக்கு வாருங்கள். சிவரமணி யாழ்ப்பாணத்தில் 1991 மே மாதம் இறந்தார். எல்லாரும் அந்தச் சாவையே பேசிப்பேசிக் கவிதையை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில்தான் எரிச்சல். யுத்தகால இரவு பிள்ளைகளைப் பெரியவர்களாக்கிவிடும் என்று எழுதினாரே, அதை அவளோடு உட்கார்ந்து வாசியுங்கள். பொல்லைத் துப்பாக்கியாக்கி, நண்பனையே எதிரியாய் நினைத்துக் கொன்று விளையாடுகிறார்கள் அதில் வரும் சிறுவர்கள். சாவுக்குப் பாராட்டு அங்கே எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

பிறகு, உங்கள் தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். பண்டாரவளையில் என்னிடம் படித்த ஒரு பையன் கங்காணி, அதாவது தோட்ட வேலையாட்களை மேற்பார்க்கிறவர், விளையாட்டை எழுதினான். கொழுந்து குறைவென்று தங்கச்சிக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிறான் அண்ணன். அதைச் சுவரில் போட்டோம்.