சர்வைவரில் ரஸ்ஸல் ஹான்ட்ஸ் தோற்றது அநியாயமா?

கேள்வி: சர்வைவர் போன்ற ரியாலிட்டி ஷோக்களில் மூளையைக் கசக்கி ஆடியவரை விட்டுவிட்டு, பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தவருக்குப் பரிசைக் கொடுத்துவிடுகிறார்களே? ரஸ்ஸல் ஹான்ட்ஸுக்கு நடந்தது அநியாயம்தானே?

இல்லை. என்னைக் கேட்டால், அந்த நிகழ்ச்சியில் மிகச் சரியாகக் கொடுக்கப்பட்ட பரிசுகளில் அதுவும் ஒன்று. ஆனால் உங்களைப் போல நினைப்பவர்கள் நிறைய. 2009-ல் அமெரிக்க சர்வைவரின் கடைசி ஓட்டில் ரஸ்ஸல் நேட்டலி ஒயிட்டிடம் தோற்ற விஷயத்துக்கு இன்றைக்கும் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள்.

பார்க்காதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க சர்வைவரின் முதல் சீசன் 2000-ல், மலேசியாவின் சபா பக்கம் உள்ள புலாவ் டிகா தீவில் நடந்தது. 16 பேர், 39 நாள். முதலில் இரண்டு அணி. பாதி ஆட்டத்தில் அணிகளைக் கலைத்து எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியே அனுப்ப வேண்டும். கடைசியில் மிஞ்சும் இரண்டு பேரிலோ மூன்று பேரிலோ 10 லட்சம் டாலர் யாருக்கு என்பதை முடிவு செய்வது டிவி பார்க்கும் நாம் இல்லை, சேனலும் இல்லை. வெளியே அனுப்பப்பட்டவர்கள்தான் ஜூரி. யார் காலை வாரி விட்டு மேலே ஏறினீர்களோ, கடைசியில் அவர்களிடமே போய் ஓட்டுக் கேட்க வேண்டும். ஆட்டத்தின் உயிரே இந்த விதியில்தான் இருக்கிறது. இதை ஒதுக்கிவிட்டு யார் கெட்டிக்காரர் என்று பேசுவதில் அர்த்தமில்லை.

ஜூரிக்குச் சூழ்ச்சிக்காரர்களைக் கண்டாலே ஆகாது என்று ஒரு வாதம் உண்டு. முதல் சீசனே அதைப் பொய்யாக்கியது. ஜெயித்த ரிச்சர்ட் ஹாட்ச், நான்கு பேர் சேர்ந்து ஒரே ஆளுக்கு ஓட்டுப் போட்டால் மற்றவர்களை வரிசையாகத் தூக்கிவிடலாம் என்பதைச் செய்து காட்டியவர். அப்போது அது மோசடி மாதிரிதான் பலருக்குத் தெரிந்தது. கடைசி இம்யூனிட்டி போட்டியில் (இதில் ஜெயித்தவரை ஓட்டுப் போட்டு அனுப்ப முடியாது) மூன்று பேர் ஒரு கம்பத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஹாட்ச் பாதியில் தானாகவே கையை எடுத்துவிட்டுப் போனார். தான் ஜெயித்தால், கூட்டாளியான ரூடியைத் தானே வெளியே அனுப்பிப் பழி சுமக்க வேண்டும். ரூடியோடு கடைசியில் உட்கார்ந்தாலோ தோல்வி நிச்சயம். மூன்றாவது ஆளான கெல்லி ஜெயித்தால் ரூடியை அனுப்பிவிட்டுத் தன்னை அழைத்துப் போவார் என்று கணக்குப் போட்டார், அப்படியே நடந்தது. ரூடியின் ஓட்டும் ஹாட்சுக்கே வந்தது. முடிவு 4-3. (அந்த நான்கில் ஒன்று, 1 முதல் 10-க்குள் ஒரு எண்ணை நினைத்துக்கொண்டு, யார் கிட்டத்தில் சொல்கிறார்களோ அவருக்கு என்று ஒருவர் போட்ட ஓட்டு. ஜூரி என்றால் சில சமயம் இப்படியும் இருக்கும்.)

சரி, ரஸ்ஸலுக்கு வருவோம். 2009-ல் ஒளிபரப்பான சமோவா சீசன். ஆரம்பத்திலேயே தன் அணிக்காரர்களின் தண்ணீர்க் குப்பிகளை ரகசியமாகக் கவிழ்த்தார், ஒருவரின் காலுறையை நெருப்பில் போட்டார். எல்லோரும் சோர்ந்து கிடந்தால் தனக்கு வசதி என்பது அவர் கணக்கு. ஒளித்து வைத்த ஐடலை, அதாவது ஒருவர்மேல் விழும் ஓட்டுகளைச் செல்லாமல் ஆக்கும் சிலையை, ஒரு குறிப்பும் கிடைக்காமலேயே மரப்பொந்துகளில் கையை விட்டுத் துழாவிக் கண்டுபிடித்தார். அதுவரை யாரும் அப்படிக் கண்டுபிடித்ததில்லை. அணிகள் ஒன்று சேர்ந்தபோது எதிரணியான கலுவில் 8 பேர், இவருடைய ஃபோவா ஃபோவாவில் 4 பேர்தான். அந்த நான்கு பேரில் மூன்று பேர் கடைசி வரை வந்தார்கள். பார்க்கிறவனுக்கு வாயைப் பிளக்க வைக்கும் ஆட்டம்தான், அதில் எனக்கும் சந்தேகமில்லை.

கடைசி ஓட்டு: நேட்டலி ஒயிட் 7, ரஸ்ஸல் 2, மிக் 0.

இப்போது அந்த ஜூரியைப் பாருங்கள். ஒன்பது பேரில் எட்டுப் பேர் கலு அணிக்காரர்கள். யாரால் பிழைப்புப் போனது என்று அத்தனை பேருக்கும் தெரியும். கையில் 10 லட்சம் டாலர் ஓட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவர்கள் முன்னால் ரஸ்ஸல் எப்படி வந்தார்? உங்களை எல்லாம் ஆட்டி வைத்தவன் நான்தான் என்ற தோரணையில். இப்படிக் கேட்டால் சொந்தத் தம்பிகூட ஓட்டுப் போட மாட்டான்.

நேட்டலி சும்மா கூட வந்தவர் என்பதும் எனக்கு ஒப்பாத பேச்சு. அணிகள் சேர்ந்தவுடன் நடந்த முதல் ஓட்டெடுப்பை நினைத்துப் பாருங்கள். 8-க்கு 4 என்று இருக்கும்போது ஃபோவா ஃபோவாவின் நான்கு பேரும் வரிசையாகக் காலியாகியிருக்க வேண்டும். நேட்டலி போய்க் கலு பெண்களோடு உட்கார்ந்தார், பேச்சோடு பேச்சாக எரிக்கின் பெயரை எடுத்தார். எரிக் கலுவின் ஆள், அவர்மேல் அந்த அணிக்குள்ளேயே சிலருக்குக் கடுப்பு இருந்தது. அந்தக் கடுப்புக்கு ஒரு வழி காட்டிவிட்டு எழுந்து வந்தார், அவ்வளவுதான். கலுவே சேர்ந்து எரிக்கை அனுப்பியது, அதுவும் அவர் பையில் ஐடல் இருக்கும்போதே. கலு முதலில் விரிசல் விட்டது அங்கேதான். அதே எரிக் கடைசி நாளில் எழுந்து, இந்தப் பட்டத்துக்குத் தகுதியானவர் நேட்டலி என்று ஜூரி முன்னால் ஒரு பிரசங்கமே செய்தார். தன்னை வெளியே அனுப்பியவரின் பக்கமே நின்று பேசுகிறார்! இதைவிடப் பெரிய வியூகம் என்ன வேண்டும்?

ஆனால் டிவியில் இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. அப்போது சுமார் மூன்று நாள் வாழ்க்கையை ஒரு எபிசோடாக வெட்டினார்கள், விளம்பரம் போக முக்கால் மணி நேரம்கூடத் தேறவில்லை. அதில் ரஸ்ஸல் கேமராவைப் பார்த்துப் பேசும் காட்சிகள் வந்துகொண்டே இருக்கும். வில்லத்தனமாகப் பேசினால் பார்க்கச் சுவாரசியம், எடிட்டருக்கும் கொண்டாட்டம். மீன் கழுவிக்கொண்டே ஒருத்தி இன்னொருத்தியின் வீட்டுக் கதையைக் கேட்பதில் என்ன சுவாரசியம்? ஆனால் ஓட்டு விழுவது அங்கே. நாம் பார்த்தது ரஸ்ஸலின் படம். ஜூரி வாழ்ந்தது நேட்டலியோடு. யாருக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள், எந்தத் தொனியில் காட்டுகிறார்கள் என்று எபிசோடுக்கு எபிசோடு அட்டவணை போட்டு வெற்றியாளரைக் கணிக்கும் ரசிகர்களே இருக்கிறார்கள். எட்ஜிக் என்று அதற்குப் பெயர். அந்தக் கூட்டம் நம்மைவிட உஷார்.

இன்னொன்று. பார்வையாளர்கள் ஓட்டில் தேர்வாகும் அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர் பரிசு, 1 லட்சம் டாலர், ரஸ்ஸலுக்குத்தான் போனது. அடுத்த சீசனிலும் அவருக்கே. நம் தீர்ப்புக்கு ஒரு பரிசு, தீவில் இருந்தவர்கள் தீர்ப்புக்கு ஒரு பரிசு. பிறகு எதற்குப் புலம்பல்? அவரோ மேடையிலேயே நேட்டலியிடம் பட்டத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்று பேரம் பேசினார். நேட்டலி மறுத்துவிட்டார்.

அந்த அடுத்த சீசன் 2010-ல் வந்த ஹீரோஸ் வெர்சஸ் வில்லன்ஸ். சமோவா ஒளிபரப்பாவதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள், அதனால் ரஸ்ஸல் எப்படிப்பட்டவர் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. ஹீரோ அணியில் இருந்த ஜே.டி. என்ற முன்னாள் வெற்றியாளர், வில்லன் அணியில் பெண்கள் கூட்டணி ஆள்கிறது, பாவம் ரஸ்ஸல் தனியாக மாட்டிக்கொண்டார் என்று நம்பித் தன் ஐடலையே ஒரு கடிதத்தோடு எதிரணி ரஸ்ஸலிடம் கொடுத்தார்! அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு வில்லன்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... பிறகு வில்லன் அணியின் பார்வதி இரண்டு ஐடல்களை எடுத்து ஒன்றைத் தன் அணியின் சாண்ட்ராவுக்கும் ஒன்றை ஜெரிக்கும் கொடுக்க, ஜே.டி. வெளியே போனார். சாண்ட்ரா டயஸ்-ட்வைனோ ஹீரோக்களிடம் போய், ரஸ்ஸலை நம்பாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஹீரோ அணி ஜூரிகள் ஐந்து பேரும் சாண்ட்ராவுக்கே ஓட்டுப் போட்டார்கள். சாண்ட்ரா 6, பார்வதி 3, ரஸ்ஸல் 0. ஒரு முறை தோற்றால் ஜூரிக்குப் பொறாமை என்று சொல்லலாம். வேறு ஆட்கள், வேறு ஜூரி, அப்போதும் ஒரு ஓட்டுகூட இல்லை என்றால் கோளாறு எங்கே இருக்கிறது?

நம்மூரில் இந்தக் குழப்பம் கொஞ்சம் அதிகம், அதற்குக் காரணம் பிக் பாஸ். 2017-லிருந்து நாமே ஓட்டுப் போட்டு ஆளைக் காப்பாற்றிப் பழகிவிட்டோம். 2021-ல் ஜீ தமிழில் அர்ஜுன் நடத்திய தமிழ் சர்வைவர் வந்தபோது எங்கள் அத்தை தினமும் பார்ப்பார். சான்சிபாரில் காடர்கள், வேடர்கள் என்று அணி பிரித்து ஆடினார்களே, அதுதான். "ஏம்ப்பா, இதுக்கு எதுல ஓட்டுப் போடணும்?" என்று கேட்டார். இதில் நமக்கு ஓட்டு இல்லை அத்தை, எப்போதோ எடுத்து முடித்துவிட்டார்கள் என்றேன். "அப்புறம் நாம எதுக்குப் பார்க்கணும்?" என்றார். ஆனாலும் விஜயலட்சுமி ஒரு கோடி ரூபாயை ஜெயிக்கும் வரை ஒரு நாள்கூட விடவில்லை. பிக் பாஸில் வெளியே இருக்கும் கோடிப் பேரின் மனதைப் பிடிக்க வேண்டும், சர்வைவரில் பக்கத்தில் படுத்திருக்கும் பத்துப் பேரின் மனதைப் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் வேண்டிய திறமை வேறு.

பொய் சொன்னாலே தோல்விதான் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டோனி விலாகோஸ் 2014-ல் பொய்ச் சத்தியம் செய்தார், புதருக்குள் ஒளிந்திருந்து ஒட்டுக் கேட்டார், ஆனால் 8-1 என்று ஜெயித்தார். 2020-ல் வெற்றியாளர்கள் மட்டுமே ஆடிய சீசனிலும் அவரே ஜெயித்து 20 லட்சம் டாலர் வாங்கினார். ஏமாந்தவர்களையும் சிரிக்க வைக்கும் ஆள் அவர். ரஸ்ஸலிடம் இல்லாதது அதுதான்.

அநியாயம் என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், நான் கைகாட்டுவது நெருப்பு மூட்டும் போட்டியை. 2017-லிருந்து நான்கு பேர் மிஞ்சும்போது ஓட்டெடுப்பு கிடையாது. இம்யூனிட்டி ஜெயித்தவர் ஒருவரைக் கூட அழைத்துப் போவார், மற்ற இரண்டு பேரும் நெருப்பு மூட்டிப் போட்டி போட வேண்டும். 43-வது சீசனில் ஜெஸ்ஸி, நெருங்கிய கூட்டாளி கோடியையே வெளியே அனுப்பும் அளவுக்குத் துணிந்து ஆடியவர், இந்தப் போட்டியில் கேப்ளரிடம் தோற்றுப் போனார். கேப்ளர் 7-1-0 என்று பட்டத்தை வாங்கினார். அவர்மேல் குற்றமில்லை, அவருடைய நெருப்பு படுவேகமாகப் பிடித்தது. ஆனால் ஜெஸ்ஸியை அனுப்ப வேண்டும் என்றால், அதைக் கூட இருந்தவர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியிருக்க வேண்டும். ரஸ்ஸலுக்காகச் சண்டை போடுபவர்கள் அந்த விதியை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டால் நானும் வருகிறேன்.