ஓடும் குழந்தையைப் படம் பிடிக்க ஃபுல் ஃபிரேம் வேண்டுமா?

கேள்வி: மகளுக்கு ஒன்றேகால் வயது. வீட்டுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறாள். போனில் எடுத்தால் முகம் கலங்கிவிடுகிறது. புகைப்பட ஆர்வலரான நண்பர், வாங்கினால் ஃபுல் ஃபிரேம் (வெளிச்சத்தைப் பதியும் சென்சார் பெரிதாக உள்ள) கேமராதான் வாங்க வேண்டும் என்கிறார். என் கையில் இருப்பது 80,000 ரூபாய். என்ன வாங்கலாம்?

பதில்: நண்பர் தன் தேவையை வைத்துச் சொல்கிறார். உங்கள் தேவை வேறு.

வெளிச்சம் குறைந்தால் போன் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்க்கும். அசையாத பொருளுக்கு அது அருமை. ஓடும் குழந்தைக்கு உதவாது. அவளுக்கு ஷட்டர் வேகம் (ஒரு படத்துக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 1/250 நொடியோ அதைவிடக் குறைவோ வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் அந்த வேகம் வேண்டுமென்றால் லென்ஸ் நன்றாகத் திறக்க வேண்டும். கேமராவோடு சேர்ந்து வரும் வழக்கமான 18-55 மி.மீ. கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் எஃப்/5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது). எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஏபிஎஸ்-சி என்னும் சிறிய சென்சாரிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் வெளிச்சம் பிடிக்கும் பரப்பு கூடுவது சுமார் இரண்டரை மடங்குதான். அதனால் காசை லென்ஸில் போடுங்கள்.

ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடியது) ஒன்று, கூடவே 35 மி.மீ. எஃப்/1.8 போல ஒரு லென்ஸ். 50 மி.மீ. மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் காட்சி குறுகலாகத் தெரியும் என்பதால் சின்ன அறையில் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டுவீர்கள். கண்ணைப் பின்தொடரும் ஃபோகஸ் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். குழந்தை ஓடும்போது மெகாபிக்சலைவிட அதுதான் கைகொடுக்கும். ‘இரண்டு லென்ஸ் செட்’ என்று கடையில் காட்டினால் வேண்டாம். இரண்டுமே பெரும்பாலும் குறைவாகத் திறக்கும் இருட்டு லென்ஸ்கள்.

2010-இல் உலகெங்கும் சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்குப் போயின. 2023-இல் அது 80 லட்சத்தைக்கூட எட்டவில்லை. உங்களைப் போன்றவர்கள் போனுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்களில் ஆர்வலர்களே அதிகம் என்பதால் பேச்சும் விளம்பரமும் அவர்களைச் சுற்றியே நடக்கின்றன. அவர்களுக்கு அமைப்புகளைத் திருகிப் பார்ப்பதே பாதி இன்பம். அதில் தவறே இல்லை. உங்களுக்கு வேண்டியது மகளின் முகம்.

அப்புறம், உடனே வாங்காதீர்கள். ஒரு சனி, ஞாயிறுக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அவள் சிரிக்கும்போது கை தானாகப் போனுக்கே போகிறது என்றால் 80,000 ரூபாய் வங்கியிலேயே இருக்கட்டும். ஜன்னல் பக்கம் அவளை விளையாட விட்டு, பகல் வெளிச்சத்தில் போனிலேயே எடுங்கள்.