முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள்: ஹெட்போன் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணா, இரண்டு வருடம் காசு சேர்த்து ஒரு சென்ஹைசர் எச்டி 600 வாங்கியிருக்கிறேன். இப்போதைக்கு ஃபோனில் ஆப்பிள் டாங்கிள் (சார்ஜ் துளையில் குத்தும் சின்ன ஹெட்போன் இணைப்பு) போட்டுத்தான் கேட்கிறேன். "300 ஓம் மின்தடையுள்ள ஹெட்போனுக்கு இது காணாது, பெரிய ஆம்ப் (ஒலிபெருக்கிக் கருவி) இல்லாவிட்டால் வாங்கியதே வீண்" என்கிறார் கடைக்காரர். அவர் காட்டும் ஆம்ப் ஹெட்போனைவிட விலை கூட. கடன்பட்டு வாங்கவா?
– வாசகர், தெஹிவளை

பதில்: வேண்டாம் தம்பி. கடன்படுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எச்டி 600க்கு 1 மில்லிவாட் கொடுத்தால் 97 டெசிபல் அளவு சத்தம் வரும். உங்கள் டாங்கிள் முழு வொலியூமில் 1 வோல்ட் வரை தரும். 300 ஓமில் 1 வோல்ட் என்றால் 3.3 மில்லிவாட், அதாவது உச்சத்தில் 102 டெசிபல். நன்றாக எடுக்கப்பட்ட கச்சேரிப் பதிவில் சராசரிச் சத்தம் உச்சத்துக்கு 20 டெசிபல் அளவு கீழே இருக்கும். ஆக, உங்கள் காதுக்குச் சராசரியாக 82 டெசிபல் கிடைக்கிறது. ஓர் அறையில் உட்கார்ந்து கேட்க அது தாராளம். இன்றைய சினிமாப் பாட்டுகளில் சராசரியே உச்சத்தை ஒட்டித்தான் ஓடும். அவற்றுக்கு வொலியூமை நீங்களே குறைப்பீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். ஐரோப்பாவில் விற்கும் ஆப்பிள் டாங்கிள் இதில் பாதி வோல்ட்தான் தரும். பாரிஸிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்து தந்தது என்றால் உங்கள் குறை அங்கேதான் இருக்கலாம். அமெரிக்கப் பதிப்பு ஒன்றை மாற்றிப் பாருங்கள்.

மெதுவாகப் பதிவான பழைய கச்சேரிக்கு வொலியூமை முழுதாகத் திறந்தும் போதவில்லையா? அப்போது ஒரு சின்ன ஆம்ப் வாங்குங்கள். 110 டெசிபல் உச்சம் வரை போக எச்டி 600 கேட்பது 2.5 வோல்ட்டும் 8 மில்லியாம்பியரும்தான். மேசையில் உள்ளங்கை அளவு இடம் பிடிக்கும் ஆம்பே இதைத் தரும். மிச்சக் காசுக்கு நல்ல பதிவுகள் வாங்குங்கள்.

கேள்வி: நண்பர் வீட்டில் என் ஹெட்போனை இரண்டு ஆம்பில் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்றில் தம்புரா தனியாகத் துலங்கியது, பாடகரின் மூச்சு கேட்டது, மேடை விரிந்தது. மற்றதில் எல்லாம் மங்கல். என் கணவர் பிரமை என்கிறார். எனக்கு உண்மையாகவே கேட்டது.
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: உங்களுக்குக் கேட்டது உண்மை, தங்கச்சி. அதற்குக் காரணம் ஆம்ப்தானா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கும் இதே அனுபவம் உண்டு. வெள்ளவத்தையில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு மாடி வீட்டில், இரவு பதினொரு மணிக்கு மேல், கடைசி ரயிலும் போன பிறகு நண்பர் ஒருவரும் நானும் உட்கார்ந்தோம். மின்விசிறியையும் நிறுத்திவிட்டோம். அந்த இரைச்சல் இருந்தால் தம்புராவின் கடைசி இழை கேட்காது. ஐந்து நிமிடத்தில் கழுத்தில் வியர்வை வழியத் தொடங்கியது. என் எச்டி 650ஐ அவருடைய இரண்டு ஆம்பிலும் மாற்றி மாற்றிக் குத்தினோம். தோடி ஆலாபனை ஒன்று. புது ஆம்பில் காந்தாரம் அசையும்போது குரலின் அடியில் இருக்கும் கரகரப்பு வரை கேட்டது. பழையதில் அது இல்லை. "இதுதான் ஆம்ப்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

அப்புறம் மல்டிமீட்டரை எடுத்தேன். ஒரே டோனை ஓடவிட்டு அளந்தால், புது ஆம்பில் 0.62 வோல்ட், பழையதில் 0.55. வித்தியாசம் 1 டெசிபல். அவ்வளவு சின்ன ஏற்றத்தை நம் காது "சத்தம் கூட" என்று சொல்லாது, "துல்லியம் கூட" என்றுதான் சொல்லும். பழைய ஆம்பின் குமிழை ஒரு மயிரிழை திருப்பி 0.62க்குக் கொண்டுவந்தோம். பழைய ஆம்பிலும் அதே கரகரப்பு, அதே இடத்தில் கேட்டது. எது எந்த ஆம்ப் என்று பார்க்காமல் நண்பர் குத்தித் தர, பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். என்னால் பிரிக்க முடியவில்லை. அன்றிலிருந்து வோல்ட்டை அளக்காமல் எந்த ஆம்பைப் பற்றியும் நான் ஒரு வார்த்தை எழுதுவதில்லை.

நீங்களும் செய்து பாருங்கள். சாதாரண மல்டிமீட்டர் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தை அளக்கச் செய்தது, உயர்ந்த சுருதியில் பிழை காட்டும். அதனால் 200 ஹேர்ட்ஸ் டோன் போடுங்கள். ஹெட்போனைக் குத்தியபடியே அளந்து, இரண்டு ஆம்பையும் நூற்றுக்கு ஒரு பங்குக்குள் கொண்டுவாருங்கள். ஒன்று 0.500 என்றால் மற்றது 0.505ஐத் தாண்டக் கூடாது. பிறகு கணவரை மாற்றி மாற்றிக் குத்தித் தரச் சொல்லுங்கள். அப்போதும் தம்புரா ஒன்றில்தான் துலங்கினால் எனக்கு எழுதுங்கள், நானே வந்து கேட்கிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு நாதஸ்வரமும் தவிலும்தான் உயிர். கனடாவிலிருந்து வரும் மாமா பாவித்த எச்டி 800 அல்லது ஹைஃபைமேன் எச்இ-6, இரண்டில் ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார். எதைக் கேட்பது? எச்இ-6க்கு 50 ஓம்தான் என்பதால் சின்ன ஆம்ப் போதும்தானே?
– வாசகர், மட்டக்குளி

பதில்: ஓமை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 2010இல் வந்த எச்இ-6 பிளேனர் வகை, அதாவது காந்தங்களுக்குப் பக்கத்தில் தட்டையான மெல்லிய படலம் அதிரும் வகை. 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான் தரும். 110 டெசிபல் உச்சத்துக்கு அது கேட்பது 450 மில்லிவாட். எச்டி 600க்கு 20 போதும் என்பதை நினைத்துப் பாருங்கள். வோல்ட்டில் வித்தியாசம் இரண்டு மடங்குதான். மில்லியாம்பியரில் 8 எங்கே, 95 எங்கே! சின்ன ஆம்ப்கள் இந்த இடத்தில்தான் மூச்சு வாங்குகின்றன. மெதுவாகக் கேட்கும்போது ஒன்றும் தெரியாது. தனி ஆவர்த்தனம் சூடு பிடிக்கும்போது அடிகள் எல்லாம் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். 4 ஓமுக்கும் 300 ஓமுக்கும் ஒரே ஆம்ப் என்று விளம்பரம் செய்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, 50 ஓமில் எத்தனை வாட் என்பதை மட்டும்தான். 1 வாட்டுக்குக் குறைந்தால் எச்இ-6க்கு வேண்டாம்.

இதனால்தான் பலர் எச்இ-6ஐ ஸ்பீக்கர் ஆம்பின் முனைகளிலேயே கொளுவினார்கள். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும் கிளாஸ் டி எனும் ஸ்விட்சிங் வகை ஆம்ப் போர்டுகளில் அநேகமானவற்றுக்குக் கழித்தல் முனை தரை அல்ல, அதிலும் சிக்னல் ஓடும். சாதாரண ஹெட்போன் ப்ளக்கில் இடது, வலது இரண்டின் கழித்தலும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அதைக் கொளுவினால் போர்ட் புகைந்துவிடும். நான்கு தனிக் கம்பியுள்ள வயர் இல்லாமல் தொடவே வேண்டாம்.

இனி ஒலி. தவிலின் இடப்பக்கமான தொப்பியில் கழி விழும் அந்த அடி, எச்இ-6இல் நெஞ்சுக்கு நேரே வந்து நின்று, உடனே அடங்கும். வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் ஓடுவதை ஒவ்வொன்றாக எண்ணலாம். 2009இல் வந்த எச்டி 800இல் மேடை பெரிது. நாதஸ்வரம் இடப்புறம் பத்தடி தள்ளி நிற்பது போல் இருக்கும், வீதியில் சுவாமி வரும்போது சந்தியில் நின்று கேட்பது போல. ஆனால் அதற்கு 6 கிலோஹேர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு உண்டு. சீவாளியின் கீச்சு சரியாக அங்கேதான் இருக்கிறது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது பல் கூசும். 2016இல் வந்த எச்டி 800 எஸ்ஸில் இந்த மேட்டைக் குறைத்தார்கள். பழையதில் ஈக்வலைசரில் அந்த இடத்தை 4, 5 டெசிபல் இறக்கினால் நன்றாக இருக்கும். அதற்காக "இதமான" ஆம்ப் தேடி அலைய வேண்டாம், ஆம்ப் அதைத் திருத்தாது.

நான் என்றால் எச்டி 800ஐக் கேட்பேன். சின்ன ஆம்பே போதும், ஈக்வலைசருக்குச் செலவில்லை.

கேள்வி: வால்வ் ஆம்ப் கிட் (நாமே பூட்டிக்கொள்ளும் கண்ணாடி வால்வ் ஆம்ப்) ஒன்றை அமெரிக்காவிலிருந்து எடுப்பிக்க ஆசை. என்னிடம் இருப்பது 37 ஓம் பிளேனர் ஹெட்போன். உங்கள் கருத்து?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: வால்வின் அந்தச் செம்மஞ்சள் வெளிச்சம் எனக்கும் பிடிக்கும். ஆனால் உங்கள் ஹெட்போனுக்கு அது பொருந்தாது. அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வ் ஆம்ப்களின் வெளியீட்டு மின்தடை 100 ஓமைத் தாண்டுவது சகஜம். 120 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 37 ஓம் ஹெட்போனுக்குக் கால் பங்கு வோல்ட்கூடப் போய்ச் சேராது. எச்டி 600 என்றால் கதை வேறு. அதன் மின்தடை 100 ஹேர்ட்ஸ் பக்கம் 500 ஓமைத் தாண்டுவதால், அந்த இடத்தில் ஒரு டெசிபல் அளவு அடிச்சத்தம் தடிக்கும். மிருதங்கத்தின் தொப்பிக்கு அது ஒரு தனி அழகு. பலர் "வால்வின் இனிமை" என்பதில் பாதி இதுதான்.

அப்படியும் எடுப்பிப்பதென்றால் 230 வோல்ட்டுக்குச் சுற்றிய ட்ரான்ஸ்ஃபார்மர்தான் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். அமெரிக்காவில் 120 வோல்ட். ஸ்விட்சை நிறுத்திய பிறகும் உள்ளே கபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் வோல்ட் நிற்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் மூடியில்லாத கிட் வேண்டாம்.

கேள்வி: லாப்டாப்பில் டாக் (டிஜிட்டல் சிக்னலை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) கொளுவிக் கேட்கும்போது மெல்லிய "ம்ம்ம்" சத்தம். ஆம்பை மாற்றவா?
– வாசகி, வத்தளை

பதில்: முதலில் லாப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் ஆம்பில் பிழையில்லை. பேட்டரியில் கேளுங்கள், அல்லது ஃபோனில் டாக்கைக் கொளுவுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் ஹெட்போன் குஷனில் பூஞ்சணம் பிடிக்கிறது. தோல் போன்ற உறையும் உரிந்து காதில் கறுப்பாக ஒட்டுகிறது. கடற்கரைப் பக்கம் குடியிருந்தால் இதுதான் விதியா?
– வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: செயற்கைத் தோல் நம் ஊர் ஈரத்துக்கும் வியர்வைக்கும் தாங்காது. வெல்வெட் போன்ற துணிக் குஷன் கிடைக்கும் மொடல் என்றால் அதற்கு மாறுங்கள். கேட்டு முடித்ததும் உடனே பெட்டியில் போட்டு மூடாதீர்கள். பத்து நிமிடம் மின்விசிறிக் காற்றில் வைத்து, காய்ந்த பிறகு சிலிக்கா ஜெல் பைகளோடு மூடுங்கள். கமெரா வைத்திருந்த பழைய ஆட்கள் அலுமாரிக்குள் ஒரு சின்ன பல்ப் எரியவிடுவார்கள். அதுவும் நல்ல வழிதான், பல்ப் பக்கத்தில் துணி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புக் காற்றில் ப்ளக்கும் மங்கும். மாதம் ஒருமுறை ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடையுங்கள்.

குஷன் நசிந்து தட்டையாகிவிட்டால் புதிது போடுங்கள். ஹெட்போனுக்குள் ஒலி எழுப்பும் டிரைவருக்குக் காது கிட்டப் போகப் போக ஒலி மாறும். போன மாதம் என் எச்டி 650க்குப் புதுக் குஷன் போட்டேன். பழையது விரல் தடிப்பு, புதியது அதன் இரண்டு மடங்கு. முதல் பாட்டிலேயே வித்தியாசம் கேட்டது.