ஃபைபர் ஒரு பக்கம் அறுந்தால் மில் முழுக்க ஏன் நிற்கிறது?

கேள்வி: வணக்கமுங்க. பெருந்துறைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ப்ளோ ரூம், கார்டிங், ஸ்பின்னிங், ஆட்டோகோனர், ஈ.பி. ரூம், ஆபீஸ் என்று ஆறு இடத்தில் ஸ்விட்ச் வைத்து ஃபைபரை வட்டமாகச் சுற்றியிருக்கிறோம். ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் ஓடும் என்றார்கள். ஜே.சி.பி. கேபிளை அறுத்த அன்று அரை நிமிஷம் எல்லாமே நின்றது, அப்புறம் வந்தது, ஆனால் கேமரா மட்டும் வரவே இல்லைங்க. ஸ்விட்சில் ஈ.ஆர்.பி.எஸ். என்று ஒரு மெனு இருக்கிறது. அதில் என்ன போடுவது? - வாசகர், பெருந்துறை

பதில்: அரை நிமிஷம் என்று நீங்கள் எழுதியதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. உங்கள் ஸ்விட்சில் ரிங் பாதுகாப்பு ஓடவில்லை, பழைய எஸ்.டி.பி. (ஸ்பானிங் ட்ரீ, டேட்டா வட்டமாகச் சுற்றாதபடி ஒரு போர்ட்டை அடைத்து வைக்கும் முறை) தான் ஓடுகிறது. அது அடைத்து வைத்த போர்ட்டைத் திறக்கும் முன் 15 செகண்ட் கவனிக்கும், இன்னொரு 15 செகண்ட் கற்றுக்கொள்ளும், ஆக 30. ஈ.ஆர்.பி.எஸ். (ஈதர்நெட் ரிங் புரொடெக்‌ஷன் ஸ்விட்சிங்) என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யு.வின் ஜி.8032 தரம், 16-க்குக் குறைவான ஸ்விட்ச் உள்ள ரிங்கில் 50 மில்லி செகண்டுக்குள் வழி மாற்றுவதுதான் அதன் இலக்கு. ஆறு ஸ்விட்சுக்கு அது தாராளம்.

வேலையை ஆரம்பிக்கும் முன் ரிங்கில் ஒரு ஃபைபரைக் கழற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் எஸ்.டி.பி.யை நிறுத்தினால் லூப் ஆகி, அதாவது டேட்டா வட்டத்தில் முடிவில்லாமல் சுற்றி, ஸ்விட்சுக்குள் லாகின் பண்ணக்கூட முடியாது. ஆறு ஸ்விட்சும் முடிந்த பிறகுதான் அந்த ஃபைபரை மாட்ட வேண்டும்.

சாதாரண நாளில் எந்த ஒரு இணைப்பு சும்மா இருக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். வாய்க்காலில் ஒரு மடையை அடைத்து வைத்து, வேறெங்காவது கரை உடைந்தால் அதைத் திறந்துவிடுகிற மாதிரி. அந்த இணைப்புக்கு ஆர்.பி.எல். (ரிங் புரொடெக்‌ஷன் லிங்க்) என்று பெயர். சர்வர் ஆபீசில் இருந்தால் ரிங்கில் ஆபீசுக்கு எதிர்ப்பக்கம் உள்ள ஒரு இணைப்பைத் தேர்ந்தெடுங்கள். அதன் ஒரு முனையில் இருக்கும் ஸ்விட்சை ஓனர் (அந்த இணைப்பை அடைப்பதும் திறப்பதும் இதன் பொறுப்பு), மறுமுனையை நெய்பர் என்று போட்டு, மற்ற நான்கையும் சாதாரணமாக விடுங்கள். ஓனர் ஒன்றே ஒன்றுதான். இரண்டு பேரை ஓனராக்கினால் இரண்டு இடத்தில் அடைபட்டு, நடுவில் உள்ள ஸ்விட்சுகள் தனித்தீவாகிவிடும்.

அடுத்தது கண்ட்ரோல் விலேன். விலேன் என்றால் ஒரே கேபிளில் ஓடும் டேட்டாவை எண் போட்டுப் பிரித்து வைப்பது, கண்ட்ரோல் விலேன் ரிங்கின் சொந்தச் செய்திகளுக்கானது. வேறு எதற்கும் பயன்படாத ஒரு எண், 4000 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆறிலும் அதே எண்ணை இரண்டு ரிங் போர்ட்டிலும் டேக் ஆக, அதாவது எண்ணோடு சேர்த்து அனுப்பும்படி, போடுங்கள். எஸ்.டி.பி.யை அந்த இரண்டு ரிங் போர்ட்டில் மட்டும் நிறுத்தினால் போதும், மற்ற போர்ட்களில் இருக்கட்டும், ஏனென்றால் ஆபீசில் யாராவது ஒரே பேட்ச் கார்டின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்சில் செருகத்தான் போகிறார்கள்.

இப்போது உங்கள் கேமரா. எதாவது ஒரு ஸ்விட்சில் கேமரா விலேன் ஒரு ரிங் போர்ட்டில் இருக்கும், இன்னொன்றில் விட்டுப்போயிருக்கும் என்றே நினைக்கிறேன். சாதாரண நாளில் டேட்டா சரியான பக்கம் போவதால் இது யாருக்குமே தெரியாது, கேபிள் அறுந்த அன்றுதான் வெளியே வரும். அதனால் கண்ட்ரோல் விலேன் மட்டுமல்ல, ஓடுகிற ஒவ்வொரு விலேனும் ஆறு ஸ்விட்சிலும் இரண்டு ரிங் போர்ட்டிலும் இருக்கிறதா என்று ஒரு பேப்பரில் எழுதி டிக் அடித்துப் பாருங்கள். எனக்குக் கேட்டால் மொத்த வேலையிலும் முக்கியமானது இதுதான்.

டைமர்களைத் தொடாதீர்கள். கார்டு டைமர் (பழைய ரிங் செய்திகளை ஒதுக்கும் நேரம்) 500 மில்லி செகண்ட், ஹோல்டு-ஆஃப் (பழுதைச் சொல்லும் முன் காத்திருக்கும் நேரம்) பூஜ்யம், அப்படியே இருக்கட்டும். கேபிளை ஒட்டவைத்த பிறகும் 5 நிமிஷம் பழைய வழிக்குத் திரும்பாது, அது பழுதில்லை, ஒட்டு நிலைத்துவிட்டதா என்று பார்ப்பதற்காகவே வைத்த காத்திருப்பு.

நடுவில் எங்காவது மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் செம்புக் கேபிளாக மாற்றும் பெட்டி) இருந்தால் கவனம். ஃபைபர் அறுந்தாலும் ஸ்விட்ச் பக்கத்து லைட் எரிந்துகொண்டே இருக்கலாம், அப்போது ஸ்விட்சுக்கு ஒன்றுமே தெரியாது. முடிந்தால் எடுத்துவிட்டு எஸ்.எஃப்.பி.யில் (ஸ்விட்சிலேயே ஃபைபரை மாட்ட உதவும் மாட்யூல்) நேராகச் செருகுங்கள்.

ஒவ்வொரு ஸ்விட்சிலும் சேவ் கொடுக்க மறக்க வேண்டாம், கரண்ட் போய் வந்தால் செய்ததெல்லாம் போய்விடும். வார லீவில் மெஷின் நிற்கும்போது, லேப்டாப்பில் பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் கட்டளை) ஓடவிட்டு, ஒவ்வொரு ஃபைபராகக் கழற்றிப் பாருங்கள். ஒரு கேமராவுக்கும் தனியாக பிங் போடுங்கள். மாட்டியபின் அந்த 5 நிமிஷம் முடிந்து ஓனர் மறுபடி அடைத்த பிறகே அடுத்ததைக் கழற்றுங்கள்.

கேள்வி: ஒரே ரிங்கில் இரண்டு கம்பெனி ஸ்விட்ச் போடலாமா? - வாசகர், பல்லடம்

பதில்: இரண்டுமே ஜி.8032 என்றால் போடலாம். ரிங் எண்ணும் கண்ட்ரோல் விலேனும் ஒன்றாக இருக்க வேண்டும், அவற்றில் ஒன்று ஜி.8032-இன் முதல் பதிப்பாக இருந்தால் ரிங் எண்ணை 1 என்றே வையுங்கள். சிஸ்கோவின் ஆர்.ஈ.பி., மோக்சாவின் டர்போ ரிங் போன்றவை அந்தந்தக் கம்பெனிக்கே உரியவை, அவற்றோடு இது பேசாது. வாங்கும் முன் டேட்டாஷீட்டில் ஜி.8032 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள், வெறும் 'ரிங் சப்போர்ட்' என்று போட்டிருப்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.