டவரின் காலடியில் மண் கரைந்தால்

கேள்வி: குந்தா பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அதன் சரிவில் 110 கே.வி. மின்கோபுரம் ஒன்று நிற்கிறது. இந்த மழையில் அதன் ஒரு காலைச் சுற்றி மண் அரித்து, இரண்டடிக்குக் கான்கிரீட் வெளியே தெரிகிறது. கீழ்ப்பக்கத்துச் சாய்வு ஆங்கிள் ஒன்றையும் காணவில்லை. பனிமூட்டத்தில் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வேறு. நாங்களே மண் போட்டு மூடிவிடலாமா? யாரிடம் சொல்வது?

பதில்: மண் போட வேண்டாம். ஆனால் இன்றைக்கே தகவல் சொல்லிவிடுங்கள்.

முதலில் அந்தச் சத்தம். ஈரக்காற்றில் கம்பியையும் இன்சுலேட்டரையும் ஒட்டி மெல்லிய மின்கசிவு எழும்பும், அதன் ஒலிதான் அது. பனியில் எல்லா டவரிலும் கேட்கும். இரவில் ஒரே இடத்தில் விடாமல் பொறி தெரிந்தால் மட்டும் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எனக்குக் கவலை தருவது அந்தக் கால்தான். டவரின் ஒவ்வொரு காலும் பூமிக்குள் அகலமான கான்கிரீட் பாதத்தில் நிற்கிறது. பலத்த காற்று அடிக்கும்போது இரண்டு கால்கள் கீழே அமுங்கும். காற்று வரும் பக்கத்து இரண்டு கால்களோ மேலே பிடுங்கிக்கொண்டு வரப் பார்க்கும். அப்போது அவற்றைப் பிடித்து வைப்பதில் பெரும்பங்கு, பாதத்தின் மேல் இறுகிக் கிடக்கும் மண்ணின் எடைக்குத்தான். தரைக்கு மேல் அரை அடி, முக்கால் அடி கான்கிரீட் தெரிவது இயல்பு. சரிவில் நான்கு கால்களும் ஒரே நீளத்தில் இல்லாததும் இயல்புதான். ஆனால் போன வருஷம் மூடியிருந்த இடம் இன்று இரண்டடிக்குத் திறந்து கிடக்கிறதென்றால், அந்தக் கால் தன் பிடியில் ஒரு பகுதியை இழந்திருக்கிறது. 2019 ஆகஸ்டில் உங்கள் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு மழையை இந்தச் சரிவு இப்போது தாங்குமா என்பதுதான் கேள்வி.

நீங்கள் கொட்டும் மண் இறுகாது, அடுத்த மழையோடு போய்விடும். போகாமல் நின்றாலும் கெடுதல்தான். கான்கிரீட்டுக்குள் இரும்பு இறங்குகிற அந்த விளிம்பைப் பாருங்கள்: தண்ணீர் வழிந்தோட மேல்பகுதியைச் சரிவாகப் பூசியிருப்பார்கள். அங்கே மண் ஏறினால் ஈரம் தங்கும். துத்தநாகப் பூச்சின் சாம்பல் நிறம் போய்ச் செம்பழுப்பு தட்டும், அப்புறம் இரும்பு ஏடு ஏடாக உரியும். வெளிப்பார்வைக்குத் திடமாகத் தெரிந்த காலைச் சுத்தியலால் தட்டியதும் பொருக்கு கையளவு உதிர்ந்ததை வேலைக்காலத்தில் பார்த்திருக்கிறேன். உர மூட்டையை டவர் காலடியில் அடுக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அமோனியம் சல்பேட் இரும்பை அரித்துவிடும்.

காணாமல் போன ஆங்கிளும் சின்ன விஷயமில்லை. நீளமான மூங்கில் குச்சியை நிறுத்தி மேலிருந்து அழுத்தினால் நடுவில் வளையும். நடுவில் ஒருவர் பிடித்துக்கொண்டால் நான்கு மடங்கு அழுத்தம் தாங்கும். சாய்வு ஆங்கிள் செய்வது அந்தப் பிடிப்பு வேலைதான். கட்டுக்கம்பி, வெல்டிங் எதுவும் அதற்கு ஈடாகாது. ஒவ்வொரு ஆங்கிளிலும் ஒரு அடையாள எண் குத்தியிருக்கும். அதை வைத்து வரைபடத்தில் அளவு பார்த்து, துளையிட்டுப் பூச்சு கொடுத்த புதிய ஆங்கிளைக் கொண்டுவந்து, காற்று இல்லாத நாளில் பொருத்துவார்கள். மறுபடி திருடு போகாதபடி போல்டின் நட்டை வெல்டிங் பொட்டு வைத்துப் பூட்டுவார்கள். மண் அரிப்புக்குக் கீழ்ப்பக்கம் கல் கட்டுச்சுவரோ கம்பிவலைக் கற்கூடையோ வேண்டியிருக்கும். உங்கள் சரிவில் சிமென்ட், கல் எல்லாம் தலைச்சுமையாகத்தான் ஏற வேண்டும். தோட்டத்து நடைபாதையைத் திறந்து விட்டீர்களானால் பெரிய உதவி. மேலே ஏறிச் செய்யும் வேலை என்றால் லைன் கிளியர், அதாவது லைனில் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்ற உறுதி வாங்கி, இரண்டு பக்கமும் எர்த் செய்த பிறகே கை வைப்பார்கள்.

புகாரை மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும், அருகிலுள்ள துணைமின் நிலையத்திலும் சொல்லுங்கள். “எங்கள் தோட்டத்து டவர்” என்றால் ஆள் தேடியே நாள் போய்விடும். டவரில் லைன் பெயரும் டவர் எண்ணும் எழுதிய தகடு இருக்கும், அதைப் படித்துச் சொல்லுங்கள். காலருகே அளவுக்கு ஒரு குச்சி நட்டுத் தள்ளி நின்று படம் எடுங்கள். ஆங்கிள் காணாமல் போன இடத்தையும் படமெடுங்கள். இடி மின்னல் நேரத்தில் பக்கமே போக வேண்டாம், எந்த நேரத்திலும் டவரில் ஏற வேண்டாம்.

அதுவரை, உங்கள் வரப்பிலிருந்து அந்தப் பக்கம் ஓடும் மழைநீரைத் தொலைவிலேயே வேறு வழிக்குத் திருப்புங்கள். காலருகே மண்வெட்டி போடாதீர்கள், அங்கே எர்த் பட்டை புதைந்திருக்கும்.

ஒன்றை மட்டும் தினமும் பாருங்கள். கம்பி நேராகப் போகும் டவரில் இன்சுலேட்டர் சரம் தூக்குக்குண்டு போல நெட்டுக்குத்தாகத் தொங்கும். காற்றில்லாத நேரத்திலும் அது ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலோ, டவருக்கு மேற்புறச் சரிவில் பிறை வடிவில் விரிசல் ஓடினாலோ காத்திருக்காமல் உடனே போன் செய்யுங்கள், கொழுந்து பறிக்க அந்தப் பாத்திக்கு யாரையும் அனுப்பாதீர்கள்.