வீட்டுக்குப் புவிவெப்ப ஹீட் பம்ப்: காசு மிஷினில் இல்லை, குழியில் இருக்கிறது

"வீட்டுக்குப் புவிவெப்ப முறையில் ஹீட்டரும் ஏசியும் போட எவ்வளவு ஆகும், போட்ட காசு திரும்ப வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு கொட்டேஷன் இருக்கும். கடைசி வரியைப் பார்த்துத் தூக்கம் போய்த்தான் இங்கே வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

தொகையாகச் சொல்லப்போவதில்லை. கூலியும் வரியும் மண்ணும் இடத்துக்கு இடம் மாறும், என் தொகை உங்களுக்கு உதவாது. விகிதமாகச் சொல்கிறேன். ஹீட் பம்ப் என்பது சூட்டை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் விடும் மிஷின். வெளியே விசிறியோடு நின்று காற்றிலிருந்து சூட்டை எடுக்கும் காற்று ஹீட் பம்புக்கு எனக்குச் சொன்ன விலை ஒரு பங்கு என்றால், மண்ணிலிருந்து எடுக்கும் இந்தப் புவிவெப்ப முறை இரண்டரைப் பங்குக்கு மேலே போனது. அதில் ஏறக்குறைய பாதி மண்ணுக்குள் போன காசு. மிஷினுக்கு 30 சதவீதம்கூட ஆகவில்லை. மீதி அறைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகும் டக்ட், வயரிங், பம்ப், கிளறிப் போட்ட தோட்டத்தைச் சரிசெய்தது.

குழிக்கு ஏன் இவ்வளவு என்றால், இந்த முறையின் உயிரே அதுதான். எரிமலைச் சூடு எதையும் இது எடுப்பதில்லை. ஏறக்குறைய 10 மீட்டருக்குக் கீழே போய்விட்டால் மண்ணின் வெப்பநிலை கோடையிலும் குளிரிலும் பெரிதாக மாறாது, அந்த இடத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். குழாயில் தண்ணீரைச் சுற்றவிட்டு, குளிர்காலத்தில் அங்கிருந்து சூட்டை எடுத்து வருகிறது, கோடையில் வீட்டுச் சூட்டை அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது. செங்குத்தாகப் போர் போட்டால் 1 டன்னுக்கு (3.5 கிலோவாட்) 45 முதல் 60 மீட்டர் ஆழம் வேண்டும் என்பது பொதுக்கணக்கு. ஆக, ஒரு டன் கூடினால் மிஷின் விலை கொஞ்சம்தான் ஏறும், போர் செலவு அப்படியே ஏறிவிடும்.

என் கதைக்கு வருகிறேன். முதலில் வந்த காண்ட்ராக்டர் வண்டியை விட்டே சரியாக இறங்கவில்லை. வீட்டை ஒரு பார்வை பார்த்தார், எத்தனை சதுர அடி என்று கேட்டார், "5 டன்" என்றார். கூரைக்கடியில் இன்சுலேஷன் இருக்கிறதா, ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறதா, ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவதாக வந்தவர் அறை அறையாக அளந்து வெப்பச்சுமைக் கணக்குப் போட்டு 4 டன் என்றார். "முதலில் கூரைக்கு இன்சுலேஷன் போடுங்கள், ஜன்னல் இடுக்குகளை அடையுங்கள், அப்புறம் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டும் போனார். தன் வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொள்கிற மனிதரை அன்றுதான் பார்த்தேன். அந்த வேலை முடிந்தபின் 3 டன் போதும் என்றாயிற்று. 5 டன் என்றால் 250 மீட்டர், 3 டன் என்றால் 150 மீட்டர். அந்த 100 மீட்டரின் விலையில் இன்சுலேஷன் செலவு முழுக்க அடங்கி மிச்சமும் வந்தது.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தும் ஓர் இடத்தில் ஏமாந்தேன். கொட்டேஷனில் சின்ன எழுத்தில் "பாறை வரும்வரை உறைக்குழாய் தனி" என்று இருந்தது. மேல்மண் இளகி உள்ளே சரியாமல் இருக்க இறக்கும் இரும்புக் கேசிங் அது. 10 மீட்டரில் பாறை வந்துவிடும் என்று வாயால் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். முதல் போரில் 32 மீட்டரில்தான் பாறை தட்டியது, 6 மீட்டர் தள்ளிப் போட்ட இரண்டாவதில் 29. ரிக் வண்டி முற்றத்தில் நிற்கிறது, முழங்கால் அளவு சேறு, பாதிக் குழியை விட்டுவிட்டு என்ன பேரம் பேச முடியும்? மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு அந்த ஒரு வரியில் கூடிப்போனது. அந்த வரிக்கு ஓர் உச்சவரம்பை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

இடம் தாராளமாக இருந்தால் ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழத்தில் வாய்க்கால் வெட்டிக் குழாயைக் கிடையாகப் பதிக்கலாம், போரைவிட மலிவு. எனக்கு இடம் இல்லை.

காசு திரும்புமா? முன்பு என் வீட்டில் கம்பிச்சுருள் மின் ஹீட்டர். அது 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் சூடுதான் தரும். இது பம்ப் செலவையும் சேர்த்து மூன்றரை தருகிறது. இன்சுலேஷனும் கைகொடுத்ததால் குளிர்காலக் கரண்ட் பில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிட்டது. பழைய ஹீட்டரையும் ஏசியையும் எப்படியும் மாற்றியிருக்க வேண்டும், அந்தச் செலவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 11 வருடத்தில் சரியாகும் என்பது என் கணக்கு. கடன் வாங்கிப் போட்டால் வட்டியையும் சேருங்கள். உங்கள் வீட்டில் மலிவான எரிவாயு ஓடுகிறது என்றால் இந்தக் கணக்கு அப்படியே படுத்துவிடும், நான் பொய் சொல்ல மாட்டேன். அரசு மானியம் இருந்தால் கொஞ்சம் நிமிரும்.

"காற்று ஹீட் பம்ப்தான் மலிவு, இவர் விற்பனை ஆள்" என்று எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு: நான் யாருக்கும் எதையும் விற்கவில்லை, இன்ஜினியரும் இல்லை. முதல் செலவில் அதுதான் மலிவு, கடுங்குளிர் இல்லாத இடத்தில் அதுவே போதும். ஆனால் உள்ளே இருக்கும் இந்த மிஷினுக்கு வெயில் மழை கிடையாது, 20 வருடம் தாண்டி ஓடும். மண்ணுக்குள் இருக்கும் குழாய் 50 வருடம் தாங்கும். என் மச்சான் மட்டும் இன்றுவரை "மாமா காசைக் குழி தோண்டிப் புதைச்சுட்டார்" என்று எல்லா விசேஷத்திலும் சொல்லிச் சிரிக்கிறார். என் ஏணியை வாங்கிப்போய் நாலு வருடமாகத் திருப்பித் தராத மனிதர், எனக்கு முதலீடு சொல்லித் தருகிறார். கேட்டால் "அது உங்க ஏணியா?" என்கிறார். சரி, அதை விடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் இன்னொன்றும் பாருங்கள். வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் வைத்த பழைய வீடு என்றால் அதற்கு 60, 70 டிகிரி வெந்நீர் தேவைப்படும். இந்த மிஷினுக்கு 35 முதல் 50 டிகிரிதான் சௌகரியம். ரேடியேட்டரைப் பெரிதாக்கும் செலவு கொட்டேஷனில் இருக்கிறதா என்று கேளுங்கள். குழியை மூடும் முன் குழாயின் அழுத்தச் சோதனையை உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள்.

போட்டதற்கு வருந்துகிறேனா என்றால், இல்லை. ஒன்றுதான் உறுத்துகிறது. கோடையில் வெளியே தள்ளும் சூட்டில் குளிக்கிற வெந்நீரையும் காய்ச்சித் தரும் டீசூப்பர்ஹீட்டர் வேண்டுமா என்று கேட்டார்கள். கேசிங் பில் வந்த எரிச்சலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது தனியாகச் சேர்க்க முடியுமா என்று விசாரித்தால், அன்று கேட்டதைப்போல் மூன்று மடங்கு சொல்கிறார்கள்.